யாராவது செய்ய மாட்டார்களா என்று ஏங்கவைக்கும் கேம்கள்

கேம் விளையாடுகிற எல்லோரிடமும் ஒரு கனவு கேம் இருக்கும். "இப்படி ஒன்று வந்தால் வேறு எதையும் தொடமாட்டேன்" என்று ஒருமுறையாவது சொல்லாதவரை நான் பார்த்ததில்லை. இந்தக் கனவுகளில் எவை நடக்கக்கூடியவை, நடக்கக்கூடியவற்றைக்கூட ஏன் யாரும் கையில் எடுப்பதில்லை என்பதுதான் கேள்வி. சின்னச் சின்ன அணிகளில் டிசைனும் புரோகிராமிங்கும் மாறி மாறிப் பார்த்து வருகிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு வகையைக் கழித்துவிடுகிறேன். "பூமி அளவு உலகம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம்." இதைக் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் பத்து விநாடிக்கு ஒருமுறை உன் கை என்ன செய்துகொண்டிருக்கும்? பெரும்பாலும் பதில் வராது. அளவு என்பது இன்றைக்குக் கிடைக்கிற சரக்குகளில் மலிவானது. 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம், இரண்டின் 64-ஆவது அடுக்கு எண்ணிக்கையில் கிரகங்களைத் தந்தது, அதாவது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கோடி கோடிக்கு மேல். வந்த வாரமே எழுந்த புகார், "இறங்கி என்ன செய்வது?" என்பது. வருடக்கணக்கில் அப்டேட் போட்டுப் போட்டுத்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். ஸ்டார் சிட்டிசன் என்ற இன்னொரு விண்வெளி கேம் 2012-இல் ஆதரவாளர்களிடம் பணம் திரட்டத் தொடங்கியது. 70 கோடி டாலரைத் தாண்டியும் முழுமையான வெளியீடு என்று ஒன்று வந்தபாடில்லை.

எதிர்ப்பக்கம் போகிற கனவு எனக்குப் பிடிக்கும். டியூஸ் எக்ஸ் கேமை வழிநடத்திய வாரன் ஸ்பெக்டர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஆசை ஒன்று உண்டு. நகரத்தின் ஒரே ஒரு கட்டடத் தொகுதி, அதற்குள் ஒரு முழு ரோல் பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடுவது. நான்கு தெருவுக்குள் அடங்கும் இடம். ஆனால் ஒவ்வொரு கதவும் திறக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நாள் நகரும். கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம், இல்லை என்று இருபது இடங்களில் நீங்கள் முடிவெடுக்க முடியும் என்றால் சேர்க்கைகள் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுத ஆள் கிடையாது. ஆகவே எழுதி வைப்பதை விட்டுவிட்டு, விதிகளைக் கொடுத்துத் தானாக விளையவைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அந்தச் சிக்கலுக்குப் பெயர்போன உதாரணம் 1997-இன் அல்டிமா ஆன்லைன். புல்லைத் தின்னும் விலங்கு, அதைத் தின்னும் விலங்கு என்று ஒரு உணவுச் சங்கிலியையே உள்ளே எழுதியிருந்தார்கள். இரை குறைந்தால் வேட்டை விலங்கு ஊர்ப்பக்கம் வரும், அதிலிருந்து கதைகள் பிறக்கும் என்பது கணக்கு. கேமுக்குள் வந்த கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளியது. சங்கிலி எங்கே அறுந்தது என்று கவனிக்கக்கூட ஒருவருக்கும் நேரம் இல்லை. கடைசியில் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அத்தனை உழைப்பும் யார் கண்ணிலும் படாமலே போயிற்று.

"என்னை நினைவு வைத்துக்கொள்ளும் உலகம் வேண்டும்" என்பதுதான் கனவுகளிலேயே அதிகம் கேட்கப்படுவது. நான் இவனை ஏமாற்றினேன், இவன் அதைப் பத்து மணி நேரம் கழித்துச் சொல்லிக் காட்ட வேண்டும். 2014-இல் ஷேடோ ஆஃப் மோர்டார் இதில் ஒரு பகுதியைச் செய்து காட்டியது. உங்களைக் கொன்ற, ஓர்க் என்ற அரக்க இனத்தின் சாதாரண வீரனுக்குப் பதவி உயர்வு கிடைக்கும், அடுத்த முறை உங்களைப் பார்த்ததும் நக்கலடிப்பான். நீங்கள் தீயில் தள்ளிய ஒருவன் வெந்த முகத்தோடு திரும்பி வருவான். நெமிசிஸ் என்று பெயர் வைத்த அந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. 2036 வரை அது செல்லும். உருவாக்கிய மோனோலித் ஸ்டூடியோவோ 2025 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது. பூட்டு தொங்குகிறது, வீட்டில் ஆள் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் காப்புரிமைமேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கேமில் அது ஏன் வேலை செய்தது என்று பாருங்கள். கதாநாயகனால் சாகவே முடியாது என்பது கதையிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் தோற்றது "நடந்த சம்பவம்" ஆகிறது. மற்ற கேம்களில் தோற்றால் என்ன செய்கிறோம்? சேவ் செய்து வைத்த பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறோம். அதோடு அந்தத் தோல்வி உலகத்தில் நடக்கவே இல்லை. போதாததற்கு, எதிரி என்று எவன் வந்தாலும் எட்டு விநாடிக்குள் போட்டுத்தள்ளுகிறோம். செத்தவனுக்கு எதற்கு நினைவாற்றல்? பகை வளர வேண்டுமென்றால் சந்திப்புக்குப் பிறகு இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும். நினைவு வைக்கும் உலகம் கேட்கிறவர்கள், சேவ் பட்டனை விட்டுக்கொடுக்கத் தயாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நானும் இந்த வலையில் விழுந்தவன்தான். சில வருடம் முன்பு ஒரு ப்ரோட்டோடைப் செய்தேன். ஆற்றங்கரைக் குடியிருப்பு, ஒன்பது பேர். ஒவ்வொருவரும் தான் பார்த்ததை ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வார்கள். நம்புகிறவர்களிடம் அதைச் சொல்வார்கள், கேட்டவர் இன்னொருவரிடம் சொல்வார், வழியில் செய்தி கொஞ்சம் திரியும். வதந்தி நகர்வதை என் திரையில் அம்புக்குறிகளாகப் பார்க்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை.

பிறகு ஒரு நண்பனை உட்காரவைத்தேன். அவன் படகுக்காரியின் கொட்டகையிலிருந்து துடுப்பைத் திருடினான். கொல்லன் பார்த்தான். கொல்லன் மருத்துவச்சியிடம் சொன்னான். இரண்டு நாள் கழித்து மருத்துவச்சி மூலிகைக்கு இரட்டை விலை கேட்டாள். எனக்குள் மேளம் கொட்டியது. நண்பன் திரும்பி, "விலை ஏன்டா சும்மா மாறிக்கிட்டே இருக்கு, புரோகிராம்ல ஏதாவது பிழையா?" என்றான்.

அவன்மேல் தப்பு இல்லை. அம்புக்குறி என் திரையில் இருந்தது, அவனுக்கு ஒரு எண் மட்டும்தான் தெரிந்தது. அன்றிரவே ஒரே ஒரு வசனம் சேர்த்தேன். மருத்துவச்சி மூலிகையைக் கையில் வைத்தபடி, "துடுப்பைத் தூக்கின கைக்கு இந்த விலைதான். கொல்லன் பொய் சொல்றவன் இல்லை" என்பாள். மறுநாள் அதே நண்பன் அந்த இடத்துக்கு வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தான். மருந்தை வாங்காமலே கொல்லனைத் தேடிப் புறப்பட்டான். மூன்று வாரம் எழுதிய நிரல் செய்யாததை ஒன்பது சொற்கள் செய்தன. கொஞ்சம் வலித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2005-இல் வந்த ஃபியர் கேமின் எதிரிகள் புத்திசாலிகள் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அடியில் திட்டமிடும் நிரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீரர்கள் "பக்கவாட்டில் வருகிறான்", "மறைவுக்குப் போ" என்று தங்களுக்குள் கத்திக்கொள்வது அதற்குச் சமமாக வேலை செய்தது. யோசிப்பதைக் காதில் விழும்படி யோசித்தார்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் பூனைக் கதையும் இதே பாடம்தான். 2015 வாக்கில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டதும் பூனைகள் வாந்தியெடுத்துச் சாகத் தொடங்கின. கேமை உருவாக்கிய டார்ன் ஆடம்ஸ் தோண்டிப் பார்த்தார். தரையில் சிந்திய மது பூனையின் பாதத்தில் ஒட்டுகிறது, பூனை பாதத்தை நக்குகிறது, நக்கியது ஒரு முழுக் குவளையாகக் கணக்காகிறது. இந்தப் பூனைகளை உலகமே கொண்டாடியது. அந்த கேம் யார் உடம்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதுவரை எழுத்தில் காட்டுவதால்தான் விளையாடுகிறவர்களால் நூல் பிடித்துப் போக முடிந்தது. காட்டாமல் இருந்திருந்தால் "பூனைகள் சும்மா சாகின்றன" என்ற புகாரோடு நின்றிருக்கும்.

"எல்லாச் சுவரும் இடியணும்" என்ற ஆசைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அது நிறைவேறிவிட்டது. ரெட் ஃபாக்ஷன் கெரில்லா 2009-லேயே முழுக் கட்டடத்தைச் சாய்த்தது. ஆனாலும் அந்த வழியில் பலர் போகவில்லை. சுவர் இடிந்தால் பூட்டிய கதவுக்கு அர்த்தம் போய்விடும், எதிரி நடக்க வேண்டிய பாதை ஒவ்வொரு கணமும் மாறும், ஆன்லைனில் பதினாறு பேருக்கும் ஒரே செங்கல் ஒரே இடத்தில் விழ வேண்டும். டியர்டவுன் என்ற திருட்டு கேம் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துச் சுவர்களை உடைத்து வழி போட்டுக்கொள்ளலாம். முதல் பொருளைத் தூக்கியதும் அலாரம், அதன்பின் 60 விநாடிதான். இடிப்பது வேடிக்கையாக இருந்த நிலை போய், இடிப்பதே திட்டமிடுதல் ஆகிவிட்டது. நான் மேலே கேட்ட பத்து விநாடிக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது.

"கேரக்டர்களை ஏஐயிடம் விட்டுவிடு, அதுவே பேசிக்கொள்ளும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பேசும், சந்தேகமில்லை. பேச்சுக்குப் பின்னால் உலகம் நிற்குமா? காவலாளி "நாளைக்கு உனக்குக் குதிரை தருகிறேன்" என்று தன்பாட்டுக்குச் சொல்லிவிடுவான். கேமில் குதிரையே இருக்காது. 2005-இல் மைக்கேல் மட்டியாஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன் இருவரும் ஃபசாட் என்று ஒன்று செய்தார்கள். தம்பதி ஒன்றின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள், தோன்றியதை டைப் செய்து பேசலாம். ஒரே கூடம், இரண்டே பேர், சுமார் இருபது நிமிடம். அதற்கே அவர்களுக்கு ஐந்து வருடம் பிடித்தது. மொழி மாடல்கள் அதில் மொழியைப் புரிந்துகொள்ளும் பாதியை எளிதாக்கியிருக்கின்றன. சண்டை எப்போது முற்ற வேண்டும், யார் எப்போது வெளிநடப்பு செய்ய வேண்டும் என்ற மற்றப் பாதி அப்படியேதான் இருக்கிறது.

இனி, யாராவது செய்தால் முதல் நாளே வாங்குவேன் என்று நான் வைத்திருக்கும் இரண்டு.

ஒன்று, சீடனை வளர்க்கும் கேம். நீங்கள் வயதான வாள்வீரர், அல்லது தச்சர், அல்லது அறுவை மருத்துவர். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் திறமை ஒவ்வொரு அத்தியாயத்திலும் குறையும். ஒரு சீடன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். நீங்கள் உண்மையில் எப்படி விளையாடுகிறீர்களோ அதையே கற்றுக்கொள்கிறான். பதற்றத்தில் பட்டனை நாலு தடவை அமுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அவனுக்கும் வரும். கடைசி அத்தியாயத்தில் கன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்காது, அவன் ஆடுவான், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கான தொழில்நுட்பம் புதிதில்லை. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2005-லேயே உங்கள் ஓட்டும் பாணியைக் கற்று உங்களைப்போல ஓட்டும் ட்ரைவட்டாரை வைத்திருந்தது. 2001-இன் பிளாக் அண்ட் வைட்டில் ஒரு ராட்சத விலங்கை நீங்கள் தட்டிக்கொடுத்தும் அறைந்தும் வளர்க்கலாம். அதில் எல்லோரும் பட்ட எரிச்சல் ஒன்று உண்டு. அறை எதற்கு விழுந்தது என்பது விலங்குக்குச் சரியாகத் தெரியாது. ஊர்க்காரனை விழுங்கியதற்கு அடித்தீர்களா, அதற்குப் பிறகு உட்கார்ந்ததற்கா? அதற்கும் என் யோசனை அதே மருத்துவச்சி வசனம்தான். சீடன் வாய்விட்டுக் கேட்கட்டும்: "ஐயா, இடது காலை முன்னால் வைத்தது தவறா, வாளைத் தாழ்த்தியது தவறா?" நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் தவறாகவே கற்பான்.

முதுமையை விளையாட்டாக்கத் துணிந்தவர் ஜேசன் ரோரர். 2018-இல் வந்த ஒன் ஹவர் ஒன் லைஃப்பில் ஒரு நிமிடம் ஒரு வருடம். கூட ஆடும் வேறொருவருக்குக் குழந்தையாகப் பிறக்கிறீர்கள், அவர் ஊட்டாவிட்டால் அப்போதே முடிந்தது. அறுபது நிமிடத்தில் ஆயுள் தீரும், நீங்கள் கட்டிய வேலியும் தோண்டிய குழியும் அடுத்தவர்களுக்கு. பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் வராது. நேரம் ஆக ஆகப் பலம் ஏறுவதைத்தான் அவை விற்கின்றன, இறங்குவதை விற்கத் தைரியம் வேண்டும்.

இரண்டாவதை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் காகிதத்தில் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். துபாஷி கேம். இரண்டு நாட்டுத் தூதர்கள், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக நீங்கள். மொழியை வைத்து நல்ல கேம்கள் வந்திருக்கின்றன. 2019-இன் ஹெவன்ஸ் வால்ட், 2023-இன் சான்ட்ஸ் ஆஃப் சென்னார் இரண்டும் தெரியாத எழுத்தை அர்த்தம் கண்டுபிடிக்கும் புதிர்கள். எனக்கு வேண்டியது வேறு. இரண்டு மொழியும் தெரிந்தவன், எதை எப்படிச் சொல்வது என்று அந்த நொடியில் முடிவெடுக்கிறவன்.

நம் மொழியிலேயே வைத்துப் பாருங்கள். "உட்கார்", "உட்காரு", "உட்காருங்கள்", "அமருங்கள்", "அமர்ந்தருள வேண்டும்." ஒரே செயல், ஐந்து உறவு. எதிராளியின் மொழியில் இந்த வேறுபாடே இல்லை என்று வையுங்கள். அவர் ஒற்றைச் சொல்லாகச் சொன்னதை நீங்கள் ஐந்தில் எதுவாக மாற்றுகிறீர்கள் என்பதில் ஒரு எல்லைக் கிராமம் எரியலாம். திரையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மேசை, இரண்டு முகம், மூன்று வாக்கியம், குறைந்துகொண்டே வரும் நேரம். ஒரு மேசையும் காகிதங்களும் போதும் என்று லூகாஸ் போப் 2013-இல் பேப்பர்ஸ், ப்ளீஸில் நிரூபித்துவிட்டார்.

துண்டுச் சீட்டுகளில் வசனம் எழுதி, இரண்டு தூதர்களாகவும் நானே நடித்தேன். என் நண்பன் துபாஷி. முதல் ஆட்டம் படுதோல்வி. திட்டு எதுவாக இருந்தாலும் அவன் இனிப்பு தடவி மறுபக்கம் கொடுத்தான். பத்து நிமிடத்தில் இரண்டு நாடும் கட்டிப்பிடித்துக்கொண்டன. "மென்மையாகச் சொல்" என்பதே எப்போதும் சரியான விடை என்றால் அங்கே கேம் இல்லை.

அடுத்த முறை ஒரே ஒரு விதியை மாற்றினேன். வடக்குத் தூதருக்கு மற்ற மொழியில் ஏழு சொற்கள் தெரியும், எந்த ஏழு என்று துபாஷிக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றில் தெற்குத் தூதர் "எச்சரிக்கை" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நண்பன் அதை "வேண்டுகோள்" என்று மாற்றினான். நான் வடக்குத் தூதராக நாற்காலியில் சாய்ந்து, "அவர் வேறு சொல் சொன்னதுபோல் இருந்ததே?" என்றேன். அவன் காது சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்தான். "மன்னிக்கவும், மறுபடி சொல்ல முடியுமா?" என்று தெற்குத் தூதரிடம் கேட்டு நேரம் வாங்கினான். அப்படி ஒரு நகர்வை நான் விதியில் எழுதவே இல்லை.

இதை எழுத்துக் கேம்கள் செய்ய உதவும் ட்வைன் என்ற கருவியில் ஒரு வார இறுதியில் கட்டிவிடலாம், கோடிங் தெரியாதவர்கூட. "சொன்னால் திருடிவிடுவார்களே" என்று பயப்படுகிறவர்களுக்கு: கேமின் விதிகளைப் பதிப்புரிமைச் சட்டம் காக்காது, காப்புரிமைச் சட்டம் வேறு விஷயம். 2012-இல் டெட்ரிஸ் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் நகலெடுத்தவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது கேமின் தோற்றத்தை அப்படியே எடுத்ததற்காக. விழும் துண்டுகளை அடுக்குவது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை என்பதை அதே தீர்ப்பும் ஒப்புக்கொண்டது. காப்புரிமையில் பூட்டி வைத்து என்ன கண்டார்கள் என்பதற்கு நாம்கோ என்ற கேம் நிறுவனம் இருக்கிறது. லோடிங் திரையில் மினிகேம் காட்டும் யோசனைக்கு 1995-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 2015-இல் அது காலாவதியானது. பிறகு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக் கருவி பரவி லோடிங் திரையையே சுருட்டிவிட்டது.

ஏங்கியவர்களே செய்த கேம்கள்தான் கடைசியில் வந்தும் இருக்கின்றன. ஹார்வெஸ்ட் மூன் என்ற பழைய விவசாய கேம் போல இப்போது யாரும் செய்வதில்லை என்று எரிக் பரோன் தனியாளாக நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார், 2016-இல் ஸ்டார்டியூ வேலி வந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1999-இல் ஹாஃப் லைஃப் கேமை வைத்து, அதை விளையாடியவர்களே செய்த மாட், அதாவது மாற்றியமைத்த வடிவம்.

என் துபாஷி கேமில் இன்னும் அவிழாத முடிச்சு ஒன்று இருக்கிறது. ஒருமுறை ஆடி முடித்தவருக்கு அந்த ஏழு சொற்கள் தெரிந்துவிடும். ஆட்டத்துக்கு ஆட்டம் சொற்களை மாற்றினால் வசனம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், சொற்களை அப்படியே விட்டால் இரண்டாவது ஆட்டத்தில் பயம் இருக்காது. தூதர் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக இரண்டு சொல் கற்றுக்கொண்டு வருவதாக வைத்து அடுத்த கட்டுச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு யார் கற்றுக்கொடுக்கிறார் என்பதை மட்டும் நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.